ஹராமுக்குப் பொய்ச்சாட்சி தேவையில்லை



"பன்றி தன் இணையைப் பிற பன்றிகளோடு பகிர்ந்துகொள்ளும் வெட்கங்கெட்ட பிராணி. அதன் இறைச்சியை உண்பவனுக்கும் அக்குணம் வந்துவிடும். அதனால்தான் மார்க்கம் அதைத் தடுத்தது." பயான் மேடைகளில் இதைக் கேட்காதவர் நம்மில் அரிது. நானும் கேட்டுத் தலையசைத்தவன். ஆசிரியனான பின் வகுப்பில் சொன்னவனும்கூட. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் கல்லூரியில் விலங்கியல் பயிலச் சென்றார். விடுமுறையில் வந்தவர், "உஸ்தாத், பன்றியைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மையில்லையே! அப்படியானால் மற்றவை?" என்று கேட்டார். அந்த இரண்டாவது கேள்வி என் உறக்கத்தைக் கெடுத்தது.

உண்மை என்ன? காட்டுப்பன்றிகளில் பெண்களும் குட்டிகளும் கூட்டமாக வாழும். வளர்ந்த ஆண் பெரும்பாலும் தனித்தே திரியும். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண்கள் கோரைப்பற்களால் ஒன்றையொன்று கிழித்துப் போரிடும். அக்காயங்களைத் தாங்கவே அவற்றின் தோள்பட்டைத் தோலுக்கடியில் கேடயம்போல் திசு தடித்திருக்கும். இணையை விருந்தாக்கும் பிராணிக்கு இப்போர் எதற்கு? ஆணின் உமிழ்நீரிலுள்ள ஒரு வேதிப்பொருளின் வாடை மூளையை எட்டியதும், சினைப்பருவத்திலுள்ள பெண் பன்றி அசையாமல் நின்றுவிடுகிறது. பண்ணைகளில் அவ்வாடையைத் தெளித்தே சினைப்பருவத்தைச் சோதிக்கிறார்கள். இதில் வெட்கமும் இல்லை, வெட்கக்கேடும் இல்லை.

உண்ணும் பிராணியின் குணம் உண்பவனுக்கு ஒட்டும் என்றால், சேவலை என்ன செய்வது? ஊரறிய ஒரே முற்றத்தில் பல கோழிகளோடு கூடும் அதைத்தான் வலீமா விருந்துகளில் பிரியாணியாக உண்கிறோம். குர்பானி கொடுக்கும் கிடாவும் ஒருத்திக்கு உண்மையாய் வாழ்ந்ததில்லை. நம் வாதம் முதலில் நம் தட்டையே ஹராமாக்குகிறது.

விலங்கின் இணைத்தேர்வு ஒழுக்கத்தால் அமைவதன்று. வட அமெரிக்கப் புல்வெளிகளில் பிரெய்ரி வோல் என்னும் சிறு கொறிவிலங்கு ஒரே துணையோடு வாழ்கிறது. அதன் உறவினமான மெடோ வோல் அவ்வாறு வாழ்வதில்லை. வாசோபிரசின் என்னும் சுரப்பை ஏற்கும் வாங்கிகள் மூளையின் எப்பகுதியில் மிகுந்துள்ளன என்பதில் இரண்டும் வேறுபடுகின்றன. மெடோ வோல் ஆண்களின் முன்மூளையில் ஆய்வாளர்கள் அவ்வாங்கிக்குரிய மரபணுவைச் செலுத்தியபோது, அவை தம் துணையோடு கூடுதலாக ஒட்டிக்கொண்டன. 2004இல் வெளிவந்த ஆய்வு இது. ஒரு மரபணுவால் கூடும் பற்றுக்குக் கற்பு என்று பெயர் சூட்டுவதும், அது குறைந்ததற்கு வெட்கங்கெட்டது என்று வைவதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

இதே உண்மையை மறுபக்கம் திருப்பிப் பிடிப்போரும் உண்டு. "விலங்குகள் அப்படித்தான்; நாமும் விலங்குகள்தாம்; கட்டுப்பாடு இயற்கைக்கு முரண்" என்கிறார்கள். பசியும் இச்சையும் மூளையில் வேர்கொண்டவை என்பதை நாம் மறுக்கவில்லை. 1951இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இந்திய அறிஞர் பி.கே. ஆனந்தும் ஜான் புரோபெக்கும் எலிகளின் ஹைப்போதலாமசின் பக்கவாட்டுப் பகுதியை இருபுறமும் சிதைத்தார்கள். அவ்வெலிகள் உணவு அருகிலிருந்தும் உண்ண மறுத்தன. உண்பதற்கும் மறுப்பதற்கும் அவற்றிடம் நிய்யத் இல்லை.

நம்மிடம் இருக்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 187ஆம் வசனத்தைப் பாருங்கள். நோன்பு இரவுகளில் மனைவியரோடு கூடுவதும், வைகறைவரை உண்பதும் பருகுவதும் ஒரே வசனத்தில் அனுமதிக்கப்படுகின்றன. பின்னர் இரவுவரை நோன்பை முழுமையாக்கக் கட்டளை வருகிறது. விலங்கின் மூளை ஆளும் அவ்விரண்டையும், ஹலாலானதாய் இருந்தும், பகல் முழுதும் அல்லாஹ்வுக்காக நிறுத்திக் காட்டும் பத்து வயதுச் சிறுவன் நம் வீட்டிலேயே இருக்கிறான். "நாமும் விலங்குகள்தாம்" என்போருக்கு அவனே பதில்.

முன்னோர் நூல்கள் சிலவற்றில் உணவு குணத்தைப் பாதிக்கும் என்ற கருத்து உண்டே எனச் சில ஆலிம்கள் கேட்கலாம். அது ஹிக்மத் குறித்த அவர்களின் கணிப்பு. சட்டத்தின் இல்லத் அன்று. பன்றி இறைச்சியைக் குர்ஆன் நான்கு இடங்களில் தடுக்கிறது. ஓரிடத்திலும் அதன் இணைவாழ்வைக் காரணமாகச் சொல்லவில்லை. அசுத்தம் என்றே 6:145 கூறுகிறது. அந்நான்கு இடங்களிலும் வரம்பு மீற நாடாமல் நிர்ப்பந்தத்தில் உண்பவனுக்கு மன்னிப்பும் உண்டு. உண்டதும் வெட்கம் போய்விடும் என்றால் இச்சலுகையை எப்படி விளக்குவீர்கள்?

"நோக்கம் நல்லதுதானே, ஹழ்ரத்?" என்கிறார்கள். அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர்வதைத் தடுக்கும் 17:36 நல்ல நோக்கத்துக்கு விலக்கு அளிக்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவின் அல்ஜாஹிழ் "கிதாபுல் ஹயவான்" எழுதியபோது, செவிவழிக் கதைகள் பலவற்றை ஐயுற்றுச் சோதித்தார். அம்மரபின் வாரிசுகள் நாம், யாரோ அனுப்பிய செய்தியைச் சோதிக்காமல் மிம்பரில் ஏற்றுகிறோம்.

பெற்றோர்களே, பிள்ளை "பன்றி ஏன் ஹராம்?" என்று கேட்டால், "படைத்தவன் தடுத்தான், கட்டுப்பட்டோம்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். அந்தப் பதிலை எந்த ஆய்வுக்கூடமும் கவிழ்க்க முடியாது. ஈமானுக்கு முட்டுக்கொடுப்பதாக எண்ணி நாம் நட்ட பொய், ஒருநாள் முறியும்போது பிள்ளையின் ஈமானையும் சேர்த்தே சாய்த்துவிடும்.

அந்த மாணவரிடம், "நான் சொன்னது தவறு" என்று ஒப்புக்கொண்டேன். இப்போது வகுப்பிலும் அதையே சொல்கிறேன். உண்மையை மட்டுமே பேச அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.