ஒரே மக்கள், நான்கு ஒப்பந்தங்கள், வெவ்வேறு பெயர்கள்: கனடாவின் சோட்டோ பூர்வகுடிகள்

கனடாவின் மனிற்றோபா, சஸ்காச்சுவான் மாகாணங்களில் வாழும் பூர்வகுடிகளில் ஒரு பகுதியினரை அரச ஆவணங்கள் ‘சோட்டோ’ என்று குறிக்கின்றன. அது அவர்களுடைய மொழிச் சொல் அல்ல, பிரெஞ்சுச் சொல். சுப்பீரியர் ஏரியின் நீர் பாறைகளுக்கிடையே பாய்ந்து ஹியூரன் ஏரியை நோக்கி இறங்கும் இடத்தில், 17ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சுப் பாதிரிமாரும் தோல் வணிகர்களும் இவர்களைச் சந்தித்தார்கள். அங்கிருந்த மக்கள் அவ்விடத்தைப் பவாதிங் என்று அழைத்தார்கள். விரைந்தோடும் நீருள்ள இடம் என்பது பொருள். பிரெஞ்சுக்காரரோ தங்கள் சொல்லைக் கொண்டு அவர்களுக்கு ‘நீர்ப்பாய்ச்சல்காரர்’ என்று பெயரிட்டார்கள்.

பின்னர் இவர்களில் பலர் மேற்கே புல்வெளிகளுக்கு நகர்ந்தபோது பெயரும் கூடவே சென்றது. அந்த ஆற்றைக் கண்ணாலும் காணாத தலைமுறைகள் இன்றும் அந்தப் பெயரில்தான் பதியப்படுகின்றன. அவர்கள் தம்மை அனிஷினாபே என்கிறார்கள். மேற்கில் உள்ளோர் நகவே என்றும் சொல்வதுண்டு. ஒஜிப்வே, சிப்பேவா என்பன ஒரே சொல்லை ஐரோப்பியர் எழுதிய இரு விதங்கள்.

பெயர்தானே என்று கடந்துபோக முடியாது. ஒப்பந்தங்களை எடுத்துப் பாருங்கள். 1817இல் செல்கேர்க் பிரபுவுடன் தலைவர் பெகுவிஸ் உள்ளிட்டோர் ரெட் ஆற்றங்கரை நிலம் குறித்துச் செய்துகொண்ட உடன்படிக்கை ‘சிப்பேவா அல்லது சோட்டோ’ என்கிறது. 1871ஆம் ஆண்டின் முதலாம் இலக்க ஒப்பந்தத்தில் அவர்கள் வெறும் சிப்பேவா. 1873இல், மூன்றாம் இலக்க ஒப்பந்தத்தில், ‘ஒஜிப்வேக்களின் சோட்டோ குலம்’. அடுத்த ஆண்டு நான்காம் இலக்க ஒப்பந்தத்தில் வெறும் சோட்டோ. எழுத்தரின் பேனாவுக்கு ஏற்ப ஒரு மக்கள் கூட்டம் மூன்று பெயர் பெற்றது. இன்று வேட்டை உரிமைக்கோ நிலத்துக்கோ வழக்காடச் செல்பவர்கள் முன்வைக்க வேண்டிய சான்றும் இந்தத் தாள்களே.

அந்தச் சான்று இருந்தும் போதாமற்போன இடங்கள் உண்டு. பெகுவிஸ் வழியினரின் சென் பீற்றர்ஸ் ஒதுக்கு நிலம் வின்னிபெக் அருகே இருந்த வளமான மண். 1907இல் அது முறைகேடாகப் பறிக்கப்பட்டு, மக்கள் வடக்கே அனுப்பப்பட்டார்கள். அதற்கான 126 மில்லியன் டொலர் இழப்பீடு இணக்கப்பாட்டுக்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. நிலத்தை இழந்த எவருக்கும் இந்தக் காலக்கணக்கை விளக்கத் தேவையில்லை.

எல்லைக்கு அப்பால் கதை இன்னும் மோசம். 1892இல் வடக்கு டகோட்டாவில் ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கருக்கு அமெரிக்க அரசு பத்து இலட்சம் டொலர் தர முன்வந்தது. ஏக்கருக்குப் பத்துச் சதம். தலைவர் லிற்றில் ஷெல் ஏற்க மறுத்தார். அவரைப் பின்பற்றியோர் நிலமும் அங்கீகாரமும் இன்றி மொன்டானாவில் சிதறி வாழ்ந்தார்கள். வாஷிங்டன் அவர்களை ஒரு பூர்வகுடி இனமாக ஏற்றது 2019 டிசம்பரில்தான், அதுவும் ‘சிப்பேவா’ என்ற பெயரில். ரெட் ஆற்றின் வடபுறத்து உறவினர் கனடாவில் சோட்டோக்கள்.

நமது உறவினர் பலர் குடியேறிய மிசிசாகா நகரின் பெயரும் ஓர் அனிஷினாபே மக்களுடையதுதான். ரொறன்ரோ நிலக் கொள்வனவு தொடர்பாக அவர்களுடன் 2010இல் 145 மில்லியன் டொலருக்கு இணக்கம் காணப்பட்டது.

தனிமனிதரின் பெயர் வேறொரு வழக்கு. வதிவிடப் பாடசாலைகளில் பிள்ளைகளின் சொந்தப் பெயர்கள் அழிக்கப்பட்டன. அவற்றை மீட்க வழிசெய்ய வேண்டுமென்பது 2015இல் உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு விடுத்த 94 அழைப்புகளில் 17ஆவது. 2021 ஜூனில் கனடா கடவுச்சீட்டு உள்ளிட்ட ஆவணங்களில் கட்டணமின்றி அதை அனுமதித்தது. ஆனால் ரோமன் எழுத்திலும் சில பிரெஞ்சுக் குறிகளிலும் அடங்கும் பெயர்களுக்கே இடமிருந்தது. மிஷனரிகள் உருவாக்கி, பூர்வகுடிகள் தமதாக்கிக்கொண்ட அசை எழுத்துகளுக்கு அதில் இடமில்லை.

ஆகவே அந்நியப் பெயரை உதறிவிடுவதுதானே என்று கேட்பது எளிது. களத்தில் அப்படி நடக்கவில்லை. சஸ்காச்சுவானில் ஒரு சமூகம் சோட்டோ முதற்குடி என்றே தன்னை அழைக்கிறது. ரெஜைனாவில் உள்ள கனடா முதற்குடிகள் பல்கலைக்கழகத்தில் இந்த மொழி சோட்டோ என்ற பெயரில்தான் கற்பிக்கப்படுகிறது. வகுப்புக்குள் மாணவர்கள் பேசப் பழகுவது நகவேமொவின்.