மலிவுக்கு மதிப்பில்லையோ?

பாயான் லெப்பாசில் 1972ஆம் ஆண்டு சுதந்திர வர்த்தக வட்டாரம் தோன்றியபோது, அங்கு வந்திறங்கிய தொழிற்சாலைகள் இவ்வூராருக்குக் கொடுத்த வேலை பொருத்துதல். எங்கோ வரைந்து எங்கோ வார்த்த நுண்பகுதிகளை இத்தீவின் பெண்கள் உருப்பெருக்கியின் வழியே நோக்கி, மயிரினும் மெல்லிய கம்பி கொண்டு இணைத்தனர். இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் ஆலை அவ்வாண்டு இங்கு எழுந்ததே. பொருத்திப் பொருத்தியே அரை நூற்றாண்டு உண்டு உடுத்த ஊர் இது. இவ்வூரில் இருந்துகொண்டே, “உதிரிகளை வாங்கி வீட்டில் பூட்டிய காருக்கு என்ன பெருமை? நாளை அதை எவர் சேகரிக்கப் போகிறார்?” என்று கேட்போர் உளர் என்பதுதான் வியப்பு.

அவர்கள் எள்ளுவது ‘கிட் கார்’ எனப்படும் மலிவு விலைப் பந்தய வகைக் காரை. சட்டகத்தையும் மேற்கூட்டையும் ஒரு சிறு நிறுவனம் விற்கும். இயந்திரம், கியர் பெட்டி, அச்சு ஆகியவற்றை ஓடித் தேய்ந்த சாதாரணக் கார் ஒன்றிலிருந்து கழற்றிக்கொள்ளலாம். வாங்கியவரே தம் கொட்டகையில் மாதக்கணக்கில் குனிந்து நிமிர்ந்து அதைப் பூட்டி முடிப்பார். இதில் இயந்திரமும் இரவல், செய்தவரும் தொழில் கற்றவர் அல்லர், விலையும் மலிவு. ஆகவே இது செவ்வியல் வண்டி ஆகாது என்பது அவர்கள் வாதம்.

மலிவாய்ப் பிறந்தது செவ்வியல் ஆகாது என்று எந்த நூல் விதித்தது? 1957இல் கோலின் சாப்மன் வெளியிட்ட லோட்டஸ் செவன் காரைப் பாருங்கள். முழுமையாகக் கட்டிய காருக்குப் பிரிட்டனில் அக்காலத்தில் கொள்முதல் வரி உண்டு; உதிரிகளாக வாங்கினால் அவ்வரி இல்லை. பணம் குறைந்த இளைஞரும் பந்தயக் கார் வைத்திருக்க இந்த இடைவெளியே வழிவிட்டது. பொருத்தும் முறையை எழுதித் தந்தால் வரி விழும் என்பதால், கழற்றும் முறையை எழுதித் தந்து, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துக்கொள்ளுமாறு விட்டனர் என்றொரு கதை மோட்டார் உலகில் இன்றும் வழங்குகிறது. (மாணவர்க்கு வினாத்தாள் வகுக்கும் ஆசிரியர்கள் இந்த உத்தியை இரசிப்பர்.) 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அச்சலுகை ஒழிந்தது, லோட்டஸ் அவ்வண்டியைக் கைவிட்டது. கேட்டர்ஹாம் என்னும் சிறு நிறுவனம் அதன் உரிமையைப் பெற்று, இன்றளவும் அதே உருவத்தைச் செய்து வருகிறது. வரிக்கு அஞ்சி உதிரியாய் வாங்கப்பட்ட அந்தப் பழைய செவன்களைத்தான் இன்று சேகரிப்போர் தேடி அலைகின்றனர்.

இந்த வரலாற்றில் மலேசியருக்கும் பங்குண்டு. லோட்டஸ் நிறுவனத்தைப் புரோட்டோன் 1996இல் வாங்கி 2017 வரை வைத்திருந்தது. கேட்டர்ஹாமை டோனி பெர்னாண்டஸ் 2011இல் வாங்கினார். 2021இல் அது ஜப்பானியர் கைக்குப் போயிற்று. இரண்டும் இந்நாட்டார் கையில் இருந்த ஆண்டுகளில், செவனைப் போன்றதொரு காரைப் பூட்டிப் பார்க்கத் தொழிற்பள்ளி மாணவர்க்கு ஓர் உதிரிப் பெட்டியேனும் கொடுப்போம் என்று எத்தனை பேர் பேசினர்? பேச்செல்லாம் ஃபார்முலா ஒன் பந்தயம்!

இரவல் இயந்திரம் இழுக்கு என்பாருக்கு மற்றொரு சான்று. கலிபோர்னியாவில் புரூஸ் மையர்ஸ் என்னும் படகு கட்டுவோர் 1964இல் கண்ணாடியிழையால் ஒரு மேற்கூடு வார்த்து, வோக்ஸ்வேகன் பீட்டிலின் உறுப்புகளை அதனோடு இணைத்தார். மணல்மேட்டில் ஓட்டி விளையாட எழுந்த அந்த மையர்ஸ் மேங்ஸ் வண்டி 2014இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இரண்டாவதாக இடம்பெற்றது. இரவல் இயந்திரம் அதற்குத் தடையாகவில்லை. இங்கும் அதே நிலைதான். 1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவுக்கு இயந்திரமும் அடிப்படையும் மிட்சுபிஷியுடையவை. எனினும் முதல் சாகா கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்துக்குச் சென்றது. அரசு பொருத்தினால் வரலாறு, தனிமனிதன் பொருத்தினால் விளையாட்டுப் பொம்மையோ? இந்தியாவில் அலிபாக்கில் சின்காரா நிறுவனம் செய்த ரோட்ஸ்டர், அம்பாசடர் காரில் ஓடிய 1.8 லிட்டர் இசுசு இயந்திரத்தைக் கொண்டது. அம்பாசடரின் உற்பத்தி 2014இல் நின்றது. அதன் இதயம் இப்படி வேறோர் உடலில் துடித்ததும் அதன் வரலாற்றில் ஒரு பகுதியே.

ஆனால் எதிர்ப்பாளர் கூற்றில் ஒரு துளி உண்மை உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. பிறர் முகத்தை அணிந்த நகல்கள் வேறு வகை. ஏசி கோப்ராவின் மூல வண்டிகள் ஏறத்தாழ ஆயிரம், நகல்களோ பல்லாயிரம். நகல் எத்துணை நன்றாக ஓடினும், மூலம் ஒன்று இருக்கும்வரை அது நிழலே. மலேசியாவில் செய்யப்பட்ட டிடி 2000, கிட் கார் அன்றெனினும், 1949 முதல் 1953 வரை வந்த எம்ஜி டிடியின் சாயலை உடையது. அதன் சாயலுக்காக அன்று, அது இம்மண்ணில் செய்யப்பட்டது என்பதற்காகவே ஒருநாள் அதைத் தேடுவர். செவனும் மேங்ஸும் எவர் முகத்தையும் இரவல் வாங்கவில்லை. வாங்கியது இயந்திரத்தை மட்டுமே. முக இரவலுக்கும் இயந்திர இரவலுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை அறியாமல் எல்லாக் கிட் கார்களையும் ஒரே குப்பையில் தள்ளுவது அறிவுடைமையாகாது.

பழையதெல்லாம் செவ்வியல் அன்று என்பது தமிழாசிரியர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பிக்கும் முன்னர் அதன் ஏடுகள் பரண்களில் கிடந்தன. ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து, இது இன்னாருடையது என்று அவர் நிலைநாட்டிய பின்னரே உலகம் அவற்றின் முன் நின்றது. மேங்ஸ் வண்டிக்கும் அதே முறைதான்: அதன் அளவுகளும் படங்களும் வரலாறும் தொகுக்கப்பட்டு, காங்கிரசு நூலகத்தில் சேர்ந்தன. வீட்டில் பொருத்திய கார் கைக்குக் கை மாறுபடும் என்பதைக் குறையாகச் சொல்கின்றனர். ஏட்டுக்கு ஏடு பாடம் மாறுபட்டதைக் குறையென்று எந்தப் பதிப்பாசிரியர் ஏட்டை எறிந்தார்?

பினாங்கின் உப்புக் காற்றில் கண்ணாடியிழைக் கூடு துருப்பிடிக்காது. அதன் அடியிலுள்ள எஃகுச் சட்டகமே அரிக்கும். சட்டகத்தை மீண்டும் பற்றவைக்கலாம். எந்தக் காரின் இயந்திரம், எந்த ஆண்டில், எவர் கையால், எத்தனை இரவுகளில் பூட்டப்பட்டது என்று எண்ணெய்க் கறை படிந்த தாளில் எழுதிய குறிப்பையோ மீட்க முடியாது. பொருத்தியவர் மறைந்தபின் பிள்ளைகள் காருக்கு விலை பேசுகின்றனர்; அந்தக் குறிப்பேட்டைப் பழைய நாளிதழ்களோடு கட்டி எடைக்குப் போடுகின்றனர்.