கசிவும் கணக்கும்

டிராக்டர் தன் பின்னே கோத்த கலப்பையை வரப்பருகில் தூக்கித் திரும்புவதும், ஊரார் ஜேசிபி என்று பொதுப்பெயராகவே வழங்கும் யந்திரம் தன் இரும்புக் கையை மடக்கி மண்ணை வாருவதும் நமக்குப் பழகிப்போன காட்சிகள். ஆயினும், எஞ்ஜினில் பிறந்த பலம் எண்ணெயின் அழுத்தமாக மாறி, எந்த அங்கம் எப்பொழுது அசையவேண்டும் என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிவது, விரல் பருமனுள்ள ஓர் எஃகுத் தண்டு ஒரு வார்ப்பிரும்புக் கட்டியின் துளைக்குள் சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகர்வதனால்தான் என்பதை அநேகர் அறியார். தண்டுக்கு ஸ்பூல் என்றும், கட்டிக்கு வால்வு பாடி என்றும் பட்டறையில் பெயர். கார் டயரிலுள்ள அழுத்தத்தைப் போல நூறு மடங்கை அநாயாசமாகத் தாங்கவேண்டிய அவ்விரண்டுக்கும் நடுவே விடப்படும் இடைவெளி, பெரும்பாலும் 5 முதல் 10 மைக்ரான். தலைமுடி ஒன்றை ஏழாக வகிர்ந்தாலன்றி அதற்குள் நுழையாது.

இந்தச் சூக்ஷ்மத்தின் தேவையை உணர்த்தப் பழைய கதை ஒன்று உண்டு. ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் 1795-இல் நீரழுத்த யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபோது, பாஸ்கல் முந்திய நூற்றாண்டிலேயே சொல்லிவைத்த தத்துவத்தில் குறை ஏதும் இருக்கவில்லை. உருளையின் ஓரத்தில் நீர் கசிந்ததே குறையாக நின்றது. அதைத் தோல் கிண்ணம் ஒன்றினால் அடைத்தவர், அவரிடம் பணிபுரிந்த ஹென்றி மாட்ஸ்லே என்பர். அதே மாட்ஸ்லே பிற்காலத்தில் தம் சொந்தப் பட்டறையில் மைக்ரோமீட்டர் ஒன்றைச் செய்துவைத்தார். அளவைப் பற்றிய தகராறு எதுவாயினும் அதன் வாக்கே முடிவு என்னும் பொருள்பட, அந்நாட்டில் அக்காலத்து உயர் நியாயாதிபதியின் பட்டமாகிய ‘லார்டு சான்சலர்’ என்பதே அதற்குப் பெயராக வழங்கிற்று. கசிவை அடைத்த கையே அளவுக்கு நீதிபீடமும் அமைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏனெனில் ஸ்பூலுக்குத் தோலும் இல்லை, ரப்பரும் இல்லை. எண்ணெய் வழிகளின் கூரிய விளிம்புகளைக் கடந்து ஓயாமல் போய்வரும் அத்தண்டின்மேல் எந்த வளையமும் நெடுநாள் நிலைக்காதாகையால், தோல் செய்த வேலையை இங்கே அளவே செய்கிறது. கசிவோ இடைவெளியின் மும்மடியை ஒத்து ஏறுவது: 8 மைக்ரான் 10 ஆனால் கசிவு ஏறக்குறைய இரட்டிக்கும்; 5 மைக்ரான் 10 ஆனால் எட்டு மடங்காகும்; தூக்கி நிறுத்திய சுமை தானே மெல்ல இறங்கத் தொடங்கும். இடைவெளி குறுகினாலோ, எண்ணெயில் மிதந்துவரும் ஒரு துகள் போதும், தண்டு இறுகிப்போகும்.

ஒரே ஒரு ஜோடியை இந்தத் திட்டத்தில் பொருத்திக்காட்டப் பழைய காலத்துப் பிட்டர் ஒருவர் போதும். அவருடைய விரல்களே அவருக்குப் பிரமாணம். லட்சம் ஜோடிகளை, யார் எந்த ஷிப்டில் செய்தாலும் முதலாவதும் கடைசியும் ஒன்றே என்னும்படி செய்வதுதான் வேறொரு வித்தை. டூல் தேய்கிறது, கிரைண்டிங் சக்கரம் மழுங்குகிறது, கூலன்ட் சூடேறுகிறது. 20 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள எஃகுத் தண்டு 10 டிகிரி சூடேறினால் இரண்டு மைக்ரானுக்கு மேல் பருத்துவிடும். நீளத்தை அளக்க உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. கோவையின் சித்திரை மாதத்துப் பட்டறையோ அதற்கு வெகுதூரம்.

கோவையின் கணபதிப் பகுதியில் ஒரு பட்டறையில் கடைசி மேஜையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிசிறு நீக்கும் பெண் ஒருவர், கழுவித் துடைத்த பாடியைச் செங்குத்தாகப் பிடித்து, எண்ணெய் தொட்ட ஸ்பூலைத் துளையின் வாயில் வைத்து விட்டார். தன் எடையினாலேயே அது, கிணற்றில் இறங்கும் வாளியைப் போலன்றித் தேனில் அமிழும் கரண்டியைப் போல, நிதானமாக இறங்கிற்று. அடுத்தது பாதியில் கண்ணுக்குத் தெரியாத அளவு தயங்கியது. அவர் அதைத் தனியே எடுத்துவைத்து, துளையின் குறுக்கு வழியில் ஒட்டியிருந்த பிசிறொன்றை விளக்கொளியில் எனக்குக் காட்டினார். அதே கூடத்தில் யந்திரத்தருகே தொங்கிய கட்டுப்பாட்டுப் படத்திலோ, மணிக்கொரு தரம் அளந்து இடவேண்டிய எட்டுப் புள்ளிகளும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், ஒரே மூச்சில் இடப்பட்டிருந்தன.

அந்தப் படத்தின் மூலபுருஷர் வால்டர் ஷூஹார்ட். இயல்பான ஊசலாட்டம் எது, காரணம் தேடவேண்டிய விலகல் எது என்று பிரித்தறியும் முறையை 1924-இல் அவர் வகுத்தார். புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸின் அழைப்பின்பேரில் 1947-48-இல் இந்தியாவுக்கே வந்து அதை விளக்கினார். ஆகவே அறிவு நமக்குத் தாமதமாக வந்தது என்று சொல்ல இயலாது. வந்த அறிவு ஏன் சடங்காயிற்று என்பதே கேள்வி.

விடை கூலிமுறையில் இருக்கிறது. ஜாப் ஒர்க்கில் பீஸுக்கு இவ்வளவு என்று பேசி, ரிஜெக்‌ஷனைக் கழித்துக்கொண்டு பணம் தருகிற இடத்தில், அளவு நகர்வதைக் கண்டு யந்திரத்தை நிறுத்துகிற ஆப்பரேட்டர் தனக்கும் முதலாளிக்கும் நஷ்டம் வருவிப்பவராகிறார். நிறுத்தாமல் ஓட்டி, புள்ளியைப் பிறகு இட்டுக்கொள்பவரோ சமர்த்தராகிறார். புதிய சிஎன்சி யந்திரம் தன்னைத் தானே அளந்து திருத்திக்கொள்ளுமே என்பார் உளர். மெய்தான், ஆனால் அதற்கு மூல அளவாகக் காட்டிக்கொடுத்த மாஸ்டரே பிழையாயின், அது அப்பிழையையும் அதே சிரத்தையோடு லட்சம் தடவை செய்யும். அரசின் மூலதன மானியத்தையும் பாங்குக் கடனையும் பெரும்பாலும் யந்திரத்தின் விலையை வைத்தே யோசிக்கிறோம். குளிரூட்டிய அளவறையையும், அதில் அமரும் மனிதரின் பயிற்சியையும் அநாவசியச் செலவென்று எண்ணுகிறோம்.

பத்து லேத் உள்ள சிறு பட்டறை தனக்கென்று அளவறை கட்ட இயலாது என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் தனித்தனியே ஆகாததைக் கூடிச் செய்யும் வழக்கம் கோவைக்குப் புதிதன்று. 1956-இல் இவ்வூர்ப் பஞ்சாலைகள் பொதுவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தையே, சிட்ராவை, தமக்கென்று நிறுவிக்கொண்டன. தொழிற்பேட்டைக்கு ஒரு பொது அளவறையும், பீஸ் கூலியோடு யந்திரத்தை உரிய வேளையில் நிறுத்தியதற்கு ஒரு மதிப்பும் அமைவது அதனினும் கடினமான காரியமாகாது.

மாட்ஸ்லேயின் பட்டறையில் தகராறுக்கு நீதிபதி ஓர் அளவுகோல். நம்முடையவற்றில் மாதக் கடைசியும் லோடு ஏற்ற வந்து நிற்கும் லாரியுமே அந்தப் பீடத்தில் அமர்ந்திருக்கின்றன. அவற்றை இறக்கிவிட்டு, தயங்கிய ஸ்பூலைத் தனியே எடுத்துவைத்த அந்தப் பெண்ணின் தீர்ப்புக்கு முதலாளியும் கட்டுப்படும் நாளில், சுவரில் தொங்கும் படத்தின் புள்ளிகள் தாமே வேறு வேறு மையில் விழத் தொடங்கும்.