கேர்லெஸ் வேறு, ரெக்லெஸ் வேறு



பிள்ளையின் தேர்வு அறிக்கையில் ஆசிரியர் 'கேர்லெஸ்' என்று எழுதி அனுப்புகிறார். தோட்ட ஆபீசிலிருந்து வரும் கடிதத்தில் 'நெக்லிஜென்ட்' என்று இருக்கிறது. சாலையில் பிடிபட்டவரின் குற்றப்பத்திரிகையில் 'ரெக்லெஸ்' என்று இருக்கிறது. நம் வீடுகளில் மூன்றுக்கும் ஒரே பொருள்தான் சொல்கிறோம்: "கவனமில்லை." ஆனால் இம்மூன்றும் ஒரே தராசில் நிற்கும் சொற்கள் அல்ல. ஒன்று ஒரு திட்டோடு போகும். ஒன்று வேலைக்கே உலை வைக்கும். மற்றொன்று சிறைவாசல் வரை கொண்டுபோகும்.

முதலில் கேர்லெஸ். 'கேர்' என்றால் கவனம். 'லெஸ்' என்றால் இல்லாதது. கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, விடையில் 6 என்பதை 9 என்று எழுதும் பிள்ளை கேர்லெஸ். அதற்குக் கணக்குத் தெரியும். அந்த நொடியில் மனம் வேறெங்கோ போய்விட்டது, அவ்வளவுதான். ஆகவே அறிக்கையில் இச்சொல்லைக் கண்டதும் பிரம்பைத் தேடாதீர்கள். 'லேசி', அதாவது சோம்பேறி என்று ஆசிரியர் எழுதவில்லை. எழுதியதை மறுமுறை பார்க்கப் பழக்குங்கள், போதும்.

இதற்குப் பக்கத்து வீடு கேர்ஃப்ரீ. கவலையற்றவர் என்று பொருள், இது குறையன்று. "என் பாட்டி கேர்ஃப்ரீ" என்று எழுதினால் பாட்டிக்குப் பெருமை. கேர்லெஸ் என்று மாற்றி எழுதினால் வசவு! ஆனாலும் மகிழ்ச்சி மிஞ்சினால் கடமை மறக்கும். அந்த மறதியை வள்ளுவர் பொச்சாப்பு என்றார். அது கூடாதென்று 54ஆம் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கினார்.

வேலையை ஏனோதானோவென்று அரைகுறையாகச் செய்வது ஸ்லிப்ஷாட். தொளதொளத்த செருப்பை இழுத்துக்கொண்டு நடப்பவரைக் குறித்த பழஞ்சொல் இது.

அடுத்தது நெக்லிஜென்ட். 'பொறுக்கி எடுக்காமல் விடுதல்' என்பது இதன் லத்தீன் வேர். செம்பனைக் குலையை வெட்டியபின், உதிரிப் பழங்களைப் பொறுக்க வேண்டியவர் அப்படியே விட்டுப் போவதை எண்ணிப் பாருங்கள். இச்சொல்லுக்குள் "இது உன் பொறுப்பு, நீ செய்யவில்லை" என்ற குற்றச்சாட்டு அடங்கியிருக்கிறது.

ரேஷ் என்றால் முன்பின் யோசியாமல் பாய்வது. எதிரே என்ன வருகிறதென்று தெரியாத வளைவில், முன்னால் போகும் லோரியை மோட்டார் சைக்கிளில் முந்துகிறவர் ரேஷ்.

எல்லாவற்றிலும் கடுமையானது ரெக்லெஸ். 'ரெக்' என்பது பொருட்படுத்துதல் எனும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல். ஆபத்துத் தெரிந்தும் அதைப் பொருட்படுத்தாமையே ரெக்லெஸ். டிராக்டரின் பிரேக்கைச் சோதிக்க வேண்டியவர் சோதிக்காமல் விட்டால் அது நெக்லிஜென்ட். பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்தும், "ஒன்றும் ஆகாது, ஏறுங்கள்" என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினால் அது ரெக்லெஸ்.

சட்டமும் இந்த வேற்றுமையைப் பார்க்கிறது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் கேர்லெஸாக ஓட்டுவது 43ஆம் பிரிவு. சிறை 12 மாதம் வரை. ரெக்லெஸாக ஓட்டுவது 42ஆம் பிரிவு. சிறை 5 ஆண்டு வரை. மலாயில் முறையே 'சுவாய்' என்றும் 'மெலுலு' என்றும் இருக்கும். சிங்கப்பூரில், ரேஷான செயலால் ஓர் உயிர் போனால் 5 ஆண்டு வரை சிறை. நெக்லிஜென்ட் என்றால் 2 ஆண்டு வரை. போனது ஒரே உயிர்தான். ஆனால் செய்தவர் மனத்தில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்துத் தண்டனை மாறுகிறது.

ஆகையால், "கவனக்குறைவுதானே" என்று எந்தக் கடிதத்திலும் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எந்தச் சொல் எழுதியிருக்கிறது என்று படித்த பிள்ளையிடம் கேளுங்கள். சங்கத் தலைவரிடம் காட்டுங்கள். பிரேக் பழுது என்று முன்பே சொல்லியிருந்தால், யாரிடம், எந்த நாளில் சொன்னீர்கள் என்பதைப் பதில் கடிதத்தில் எழுதுங்கள். அந்த ஒரு வரி உங்கள் சோற்றைக் காப்பாற்றக்கூடும்.

மாணவர்களுக்குப் பயிற்சி. எந்தச் சொல் பொருந்தும்?

1. தேர்வுத் தாளில் பெயர் எழுத மறந்தாள் மாணவி.
2. இரவில் ஸ்டோரைப் பூட்ட வேண்டிய காவலர் பூட்டவில்லை.
3. நஞ்சு என்று தெரிந்தும், கையுறை அருகிலிருந்தும், வெறுங்கையால் களைமருந்தைக் கலக்கினார் ஒருவர்.

விடைகள்: 1. கேர்லெஸ். 2. நெக்லிஜென்ட். 3. ரெக்லெஸ்.