புலியும் ஹுலியும்

நம் சங்கத்தார் பலருக்கு மாதேஸ்வரன் மலை குலதெய்வத்தின் இடம். சேலம், தருமபுரி, ஈரோடு பக்கங்களிலிருந்து மைசூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்க வந்த குடும்பங்களில் ஒரு மாதேஷோ மாதம்மாளோ இல்லாத வீடு அபூர்வம். நான் சென்ற ஆண்டு அங்கே போனது சாமி கும்பிட அல்ல. பி.எட். படிப்பின் கற்பித்தல் பயிற்சிக்காக, மலையைச் சார்ந்த ஓர் ஊரின் பள்ளிக்குப் போனேன். அங்கே நான் நடத்திய ஒரு வகுப்பைப் பற்றி நம் வாசகர்களிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றுகிறது.

ஏழாம் வகுப்பு அறிவியல், உணவுச் சங்கிலி. பாடத்திட்டத்தை இரவெல்லாம் விழித்து எழுதினேன். ஹெர்பார்ட் (1776–1841) என்ற ஜெர்மானியர் பெயரால் வழங்கும் ஐந்து படிகளை எங்களுக்கு மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள். (அவற்றை ஐந்தாக வகுத்தவர்கள் அவருடைய சீடர்கள், பாவம், பழி அவருக்கு.) முதற்படி ஆர்வமூட்டல். மாதேஸ்வரர் புலியின் மீது வருபவர் ஆயிற்றே, புலியிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன். அதுவரை யோசனை சரிதான்.

கன்னடத்தில் கேட்டேன்: "தேவர வாகன யாவுது?"

முன் பெஞ்சிலிருந்த சிறுமி எழுந்து, "புலி, மிஸ்" என்றாள்.

"புலி அல்ல, ஹுலி. ஹுலி என்று சொல்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சொன்னாள். அடுத்து, அந்த ஹுலி எதைத் தின்னும் என்று கேட்டேன். அவள் மறுபடியும் எழுந்தாள். எனக்கு அவளிடம் பிடித்ததே அந்தத் துணிச்சல்தான். "எங்க மாட்டைத் தின்னுச்சு, மிஸ்."

என் குறிப்பேட்டில் எதிர்பார்க்கும் விடை என்ற கட்டத்தில் 'மான்' என்று எழுதியிருந்தது. "தவறு. மான்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் படத்தை மாட்டினேன். புல், மான், புலி, அம்புக்குறிகள். அதன் பிறகு முப்பது நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. கேட்ட கேள்விகளுக்கு நானே விடை சொல்லிப் பாடத்தை முடித்தேன்.

கடைசி பெஞ்சில் அமர்ந்திருந்த மேற்பார்வை ஆசிரியை என் ஏட்டில் எழுதியது: வகுப்புக் கட்டுப்பாடு நன்று, கரும்பலகை வேலை நன்று.

2025 ஜூனில் அதே மலைக் காட்டில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் நஞ்சு கலந்த மாட்டிறைச்சியால் இறந்தன. நாடு முழுவதும் பத்திரிகைகள் எழுதின. 2013இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டில், மாடு மேய்ப்பவனுக்கும் புலிக்கும் உள்ள வழக்குதான் உண்மையான உணவுச் சங்கிலிப் பாடம். அதை அந்தச் சிறுமி ஒரே வாக்கியத்தில் என் கையில் கொடுத்தாள். நான் 'தவறு' என்றேன்.

நானும் வீட்டில் தமிழ் பேசுபவள்தான். ஒரு வார்த்தை தமிழில் "எப்போ கண்ணு? எந்த மாடு?" என்று கேட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? கேட்கவில்லை. தமிழ் தெரிந்தவள் என்று காட்டிக்கொள்ளக் கூசினேன் என்பதே உண்மை. ஆசிரியை என்றால் கன்னடத்தில் பிசிறில்லாமல் பேச வேண்டும் என்ற பயம்.

கொள்ளேகால் வட்டாரம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த ஏழாவது அரசியல் சட்டத் திருத்தம், மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று 350அ பிரிவைச் சேர்த்தது. எல்லைக்கோடு போட்டவர்களுக்கே குழந்தைகளின் நினைவு இருந்திருக்கிறது.

அதற்காக அந்தப் பிள்ளைகளுக்குக் கன்னடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே வாழப்போகிறவர்கள் கன்னடம் நன்றாகப் படிக்கத்தான் வேண்டும். சோளிகர் வீட்டுப் பிள்ளைகளும் அதே வகுப்பில் தங்கள் வீட்டுப் பேச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் வந்து உட்காருகிறார்கள். நான் கேட்பது, விடையை முதலில் கேளுங்கள், மொழியைப் பிறகு திருத்துங்கள் என்பதே. பழங்கன்னடத்திலும் அது 'புலி'தான். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சொல்லின் முதலில் வரும் 'ப' மெல்ல 'ஹ' ஆகத் தொடங்கியது. பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு. இதைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதியிருந்தால் அந்த வகுப்பே எழுந்து நின்று சொற்களை அடுக்கியிருக்கும். சிரித்த பிள்ளைகளும் சேர்ந்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலருக்குக் கோபம் வரலாம். நம் சங்கத்து ஞாயிறு தமிழ் வகுப்பில் நானும் பாடம் நடத்துகிறேன். பெங்களூரில் பிறந்த குழந்தை "ஹாலு குடிச்சேன்" என்றால் நாம் என்ன செய்கிறோம்? "தமிழ்ப் பிள்ளை இப்படியா பேசுவது?" என்று பெற்றோர் முன்னாலேயே கேட்கிறோம். அடுத்த வாரம் அந்தக் குழந்தைக்கு வயிற்றுவலி வந்துவிடுகிறது. வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள், எத்தனை வயிற்றுவலி என்று தெரியும்.

பயிற்சியில் எனக்கு அதே வகுப்பில் இன்னும் ஒரு பாடம் மீதம் இருந்தது. படத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்தச் சிறுமியிடம் அவர்கள் மாட்டின் பெயர் என்ன என்று தமிழில் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன்தான், "லட்சுமி, மிஸ்" என்றான்.