கத்திக்கு முன் கலந்து பேசுங்கள்

புதுக்கோட்டை மாவட்ட மலக்குடல் புற்றுநோயாளிகளும் வீட்டாரும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு வைக்கும் கோரிக்கைச் சாசனம்

1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்தவர். அவர் ஊர்க்காரர்கள் இன்று கேட்பது கட்டடம் அல்ல, ஒரு மேசை. புற்று மலக்குடல் சுவரைத் தாண்டியோ பக்கத்து நிணநீர்க் கணுக்களிலோ பரவியிருந்தால், அறுவை, கதிர்வீச்சு, மருந்துச் சிகிச்சை நிபுணர்களும் ஸ்கேனையும் திசுவையும் பார்க்கும் மருத்துவர்களும் சேர்ந்து உட்கார வேண்டிய மேசை.

1. மலத்தில் ரத்தம் என்று வருபவரை விரலால் சோதிக்காமல் மூலத்துக்கு மாத்திரை எழுதி அனுப்பக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். செலவு ஒரு கையுறை. ‘மூலம், பவுத்திரம்’ சுவரொட்டியை நம்பி அலைந்த மாதங்களில் கட்டிதான் வளர்ந்தது.

2. இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. எடுத்து, எல்லோரும் கூடிப் பேசி, எது முதலில், எது பிறகு என்று எழுதித் தரும்வரை கத்தி வைக்க வேண்டாம். கதிர்வீச்சும் மருந்தும் அறுவைக்குப் பின் கொடுத்தவர்களில் 13 சதவீதத்தினருக்கு நோய் அதே இடத்தில் திரும்பியது. முன்னால் கொடுத்தவர்களில் 6 சதவீதம். ஜெர்மனி ஆய்வு, 2004. அவசரப்பட்டு அறுத்துவிட்டால் அந்த வாய்ப்பு போனதுதான். நிபுணர் உள்ளூரில் இல்லையென்றால் காணொளியில் கூடட்டும்.

3. கதிர்வீச்சு நீண்ட முறையில் ஐந்தாறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். குறுகிய முறையில் ஐந்தே நாள், அதன்பின் மருந்து. குறுகியது எல்லோருக்கும் பொருந்தாது என்பது எங்களுக்கும் தெரியும்: இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ராபிடோ ஆய்வின் ஐந்தாண்டுக் கணக்கில், அந்த வழியில் போனவர்களுக்கு நோய் அதே இடத்தில் திரும்புவது கூடுதலாக இருந்தது. ஆனாலும் இரண்டையும் நோயாளியிடம் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். வெளியூரில் தங்க இடமும் பயணப்படியும் கொடுங்கள். காப்பீட்டு அட்டை சிகிச்சைக்கு. கூட வரும் மனைவி இழக்கும் நாள்கூலிக்கு எந்த அட்டை? ரயிலில் புற்றுநோயாளிக்குச் சலுகை உண்டு, சரி. மணமேல்குடிக்கும் கந்தர்வகோட்டைக்கும் ரயில் ஏது?

4. மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க நேரிடலாம் என்பதை அறுவைக்கு முன்பே சொல்லுங்கள். கைலியும் சேலையும் கட்டும் இடத்தை நோயாளியை நிற்கவைத்தும் உட்காரவைத்தும் பார்த்து, அதிலிருந்து விலகிப் பை வரும் இடத்தைக் குறியிடுங்கள். மாதாமாதம் பைகள் இலவசமாக வேண்டும். மாற்றக் கற்றுக்கொடுக்கச் செவிலியர் ஒருவர் வேண்டும். பைக்குப் பயந்து அறுவைக்கே வராமல் போனவர்கள் எங்கள் தெருக்களில் உண்டு.

முதல் கூட்டம் என்றைக்கு என்று எங்களுக்கு எழுத்தில் பதில் சொல்லுங்கள்.