யாருடைய ஆள்?

தேர்தல் வரும்போதெல்லாம் என் நண்பர்கள் ஒரு சர்ச்சையைக் கிளப்புவார்கள். நாம் ஓட்டுப் போட்டு டில்லிக்கு அனுப்புகிற மனிதர் யாருக்கு ஊழியம் செய்கிறார்? ஓட்டுப் போட்டவனுக்கா, பணம் கொடுத்தவனுக்கா, தம் மனச்சாட்சிக்கா? இந்த மூவரில் ஒருவரையும் என்னால் தேர்ந்தெடுக்க இயலவில்லை. ஏனென்றால், இவர்களுக்குப் பின்னால் நான்காவது ஆசாமி ஒருவர் நிற்கிறார். அவர்தான் கட்சிக் கொறடா.

ஒரு பழைய கதையைச் சொல்லுகிறேன். 1957 டிசம்பரில் லோக்சபையில் பெரோஸ் காந்தி எழுந்து நின்றார். அவர் காங்கிரஸ் அங்கத்தினர். பிரதம மந்திரி நேருவின் மருமகன். ஆண்டுகொண்டிருந்ததும் அவருடைய கட்சிதான். அப்படியிருந்தும், ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் கம்பெனிப் பங்குகளை வாங்கியது ஏன் என்று கேட்டார். நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் சென்னைக்காரர், ராஜினாமா செய்தார். மந்திரி போனார், சர்க்கார் கவிழ்ந்துவிடவில்லை.

ரேபரேலி வாக்காளர்களா அவரை அப்படிக் கேட்கச் சொன்னார்கள்? அவர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தபோது அந்தப் பேரமே நடந்திருக்கவில்லை! கேட்கச் சொன்னது அவருடைய மனச்சாட்சி. பலன் யாருக்கு? மாதாமாதம் வயிற்றைக் கட்டிப் பிரீமியம் செலுத்திய குமாஸ்தாவுக்கும் வாத்தியாருக்கும். ஆகவே மனச்சாட்சி வேறு, வாக்காளன் வேறு என்று பிரிப்பதே தவறு. தன் பிரதிநிதியின் மனச்சாட்சியைத் தவிர, வாக்காளனுக்கு டில்லியில் வேறு காவல் ஏது?

அந்தக் காவலைத்தான் நாம் கட்டிப்போட்டோம். அதற்கு ஒரு காரணமும் இருந்தது, மறுக்கவில்லை. 1967-இல் ஹரியானாவில் கயா லால் என்ற சட்டசபை அங்கத்தினர் பதினைந்தே நாளில் மூன்று தடவை கட்சி மாறினார். ஊர் சிரித்தது. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கொண்டுவந்த பிரதம மந்திரி ராஜீவ் காந்தி, அதே பெரோஸ் காந்தியின் மகன்! கொறடாவின் கட்டளைக்கு மாறாக ஓட்டுப் போட்டால், கட்சி மன்னிக்காதவரை, பதவி போய்விடும். சர்க்கார் பிழைக்குமா என்ற ஓட்டெடுப்புக்கு மட்டுமல்ல, எந்த மசோதாவுக்கும் இந்த விலங்குதான்.

தாவல் நின்றதா? தனியாகப் போனால் குற்றம்; மூன்றில் ஒரு பங்காகப் பிரிந்தால் குற்றமில்லை என்றது சட்டம். 2003-இல் அந்த வாசலை அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் கும்பலாகப் போகிற பெரிய வாசல் இன்னும் திறந்தேதான் இருக்கிறது.

இப்போது பணம் கொடுத்தவனைப் பாருங்கள். 543 அங்கத்தினர்களுக்கும் சொந்த புத்தி இருந்தால் அவன் 543 கதவுகளைத் தட்ட வேண்டும். கொறடா இருக்கும்போது கட்சி ஆபீசின் ஒரே கதவு போதும். 2018-இல் தேர்தல் பத்திரம் என்று ஒன்று வந்தது. கொடுத்தவன் யார் என்பது வாங்கிய கட்சிக்குத் தெரியும். ஓட்டுப் போடுகிற உங்களுக்கும் எனக்கும்தான் தெரியாது. சுமார் 16,500 கோடி ரூபாய் அப்படிக் கைமாறிய பிறகு, 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாது என்றது. கம்பெனிப் பணம் கட்சிகளுக்குப் போவது ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று 1957-லேயே, ஒரு கம்பெனி வழக்கில், பம்பாய் ஹைகோர்ட்டிலிருந்து எச்சரித்தவர் அதே சாக்ளாதான். கேட்டோமா?

"கட்டை அவிழ்த்துவிட்டால் மனச்சாட்சி என்று சொல்லிக்கொண்டு விலைபோவார்களே!" என்பார்கள். விலைபோகிறவனைப் பிடிக்க வேண்டியது போலீஸ், கொறடா அல்ல. லஞ்சம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டவனைச் சபையின் சலுகை காப்பாற்றாது என்று 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்துவிட்டார்கள். திருடனுக்குப் பயந்து வீட்டுக்காரனையும் விலங்கிட்டு வைப்பது என்ன நியாயம்?

பரிகாரம் புதிதல்ல. நம்பிக்கை ஓட்டெடுப்புக்கு மட்டும் கொறடாவின் கட்டளை செல்லட்டும், மற்றவற்றில் மாறி ஓட்டுப் போட்டதற்காகப் பதவியைப் பறிக்க வேண்டாம் என்று தினேஷ் கோஸ்வாமி கமிட்டி 1990-லேயே சொல்லிவிட்டது. எந்தக் கட்சி சர்க்காரும் அதைச் சட்டமாக்கவில்லை. எப்படி ஆக்கும்? விலங்கின் சாவி எல்லாத் தலைவர்களுக்கும் சௌகரியமாக இருக்கிறதே!

நான் நாவல் எழுதுகிறவன். முடிவு எடுக்கும் உரிமை இல்லாத பாத்திரத்தை என் வாசகர்கள் பொம்மை என்று ஒதுக்கிவிடுவார்கள். கதையில் பொம்மையைச் சகிக்காதவர்கள் சபையில் மட்டும் எப்படிச் சகிக்கிறார்கள்? அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வாசலில் வந்து நிற்கிறவரிடம், என்ன செய்வீர்கள் என்று கேட்காதீர்கள். "உம் கட்சி தப்புச் செய்தால் எதிர்த்துக் கை தூக்க உமக்கு உரிமை வேண்டாமா?" என்று கேளுங்கள். அவர் யாருடைய ஆள் என்பது அப்போது தெரிந்துவிடும்.